கொழும்புப் பூங்காவில் வலசைப் பறவைகளின் புறப்பாட்டைப் பதிவு செய்தல்: பெப்ரவரி முதல் மே வரை முழுமையான வழிகாட்டி

வட நாடுகளில் வசந்தம் என்பது பறவைகள் வந்து சேரும் காலம். கொழும்பில் அதே மாதங்கள் அவை புறப்பட்டுப் போகும் காலம். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென் முனையில் இலங்கை இருப்பதால், ஓகஸ்ட் இறுதியிலிருந்து இங்கு வந்திறங்கும் பறவைகளுக்கு இதற்கும் தெற்கே போக நிலம் கிடையாது. ஆகவே அவற்றுள் பெரும்பாலானவை மாதக்கணக்காக இங்கேயே தங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன.

அந்தப் புறப்பாட்டை நேரில் காண்பது அரிது. சிறு பறவைகளில் பல இருட்டிய பிறகே கிளம்புகின்றன. சென்ற வாரம் இருந்த கிளையில் இந்த வாரம் இல்லை என்பதுதான் நமக்குக் கிடைக்கும் சான்று. ஏப்ரலில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை விகாரமகாதேவி பூங்காவுக்கு வந்து, கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வானில் செல்லும் என்று அண்ணாந்து காத்திருந்து ஏமாந்து திரும்பிய பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஆர்வத்துக்கோ கூரிய கண்ணுக்கோ குறைவிருக்கவில்லை. வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வரிசையே கீழே இருக்கிறது.

1. பெப்ரவரியிலேயே தொடங்குங்கள்

ஒரு பறவை போய்விட்டது என்று சொல்ல வேண்டுமானால், அது இருந்தது என்பதை முதலில் நிறுவ வேண்டும். அதனால்தான் மார்ச்சில் தொடங்குவது தாமதம். பெப்ரவரி முழுவதும் வலசைப் பறவைகள் தத்தம் இடத்தில் நிலையாக நிற்கும் மாதம். எது எந்த மரத்தில், எந்தப் புதர் ஓரத்தில் வழக்கமாகத் தென்படுகிறது என்பதை அப்போதே அறிந்துகொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு காலை போதும். ஆனால் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை வாரத்துக்கு இரண்டு முறை போக முடிந்தால், ஒவ்வொரு பறவையும் கிளம்பிய நாளை மிக நெருங்கிக் குறிக்கலாம். வாரம் ஒரு முறை மட்டும் பார்ப்பவரின் “கடைசி நாள்” ஆறு நாட்கள் வரை பிழைபடக்கூடும். இரண்டு முறை பார்ப்பவரிடம் அந்தப் பிழை பாதியாகக் குறைகிறது.

இந்தக் காலத்துக்குள் சித்திரைப் புத்தாண்டும், பெரும்பாலும் மே மாதத்தில் வெசாக்கும் வருகின்றன. வெடிச் சத்தமும் சனக்கூட்டமும் உள்ள நாட்களின் கணக்கு மற்ற நாட்களோடு ஒப்பிடத் தகாது. நாட்காட்டியில் அந்த நாட்களையும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களையும் முன்கூட்டியே குறித்துவைத்து, நடையை ஒரு நாள் முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் ஒன்று அவசியம். 8x42 என்று எழுதப்பட்டிருப்பது தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாம் எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 8x42இல் 5.25 மில்லிமீற்றர், 10x42இல் 4.2 மில்லிமீற்றர். தூங்குமூஞ்சி மரங்களின் அடர்ந்த நிழலில் காலை ஆறரை மணிக்குப் பார்க்கையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குவதால், புதியவர்கள் பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, பறவையைப் படத்துக்குள் கொண்டுவர முடியாமல் தவிக்கிறார்கள்.

சிறிய குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மை மழையிலும் வியர்வையிலும் கரைந்துவிடும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, நுளம்பு விரட்டும் பூச்சு ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்; டெங்கு பரப்பும் நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது, நாம் புதர் ஓரம் அசையாமல் நிற்பதும் அதே வேளையில்தான். நீளக் கைச் சட்டை அணிவது நல்லது.

உடை மங்கிய பச்சையோ பழுப்போ சாம்பலோ ஆக இருக்கட்டும். இராணுவச் சீருடையை ஒத்த புள்ளித் துணி மட்டும் வேண்டாம். இந்த நாட்டில் அது வீண் சிக்கலைக் கொண்டுவரும்.

கமரா இரண்டாம் இடத்துக்கு உரியது. முதல் ஒரு மாதம் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்வேன். படம் எடுக்க முனைபவர் ஒரே பறவையின் பின்னால் அரை மணி நேரம் போய்விடுகிறார். அந்த அரை மணி நேரக் கணக்கு காணாமற் போகிறது.

3. பைனாகுலரை உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள்

இதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண்வளையங்களை உள்ளே அழுத்தியோ திருகியோ தாழ்த்த வேண்டும். அணியாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு குழாய்களையும் மடக்கியும் விரித்தும், காட்சி ஒரே வட்டமாகத் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணுக்கு எழுத்துகள் கூர்மையாகத் தெரியுமாறு செய்யுங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்தில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான கருவிகளில் அமைப்பு இதுவே. இரு கண்களின் பார்வையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை இந்த வளையம் ஒரே முறையில் சரிசெய்துவிடுவதால், பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். பைனாகுலர் பார்த்தால் தலை வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த வளையத்தைத் தொட்டதே இல்லை.

கருவியை உயர்த்தும் முறையும் முக்கியம். பறவையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே, பார்வையை விலக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளையைத் தேடிப் பிடிப்பதற்குள் பறவை போயிருக்கும். காகங்களை வைத்துப் பழகுங்கள். கொழும்பில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

4. முதலில் வதியும் பறவைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்க விரும்பும் படி இது. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவைகளை முகம் பார்த்த மாத்திரத்தில் அறியாதவருக்கு, எது விருந்தாளி என்பது தெரிய வாய்ப்பில்லை. காகம், மைனா, பச்சைக் கிளி, தவிட்டுக்குருவி, குண்டுக்கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையற்சிட்டு, குக்குறுவான், மாங்குயில், செம்போத்து, வெண்தொண்டை மீன்கொத்தி ஆகியவற்றை உருவத்தாலும் குரலாலும் அறிந்துவிட்டால், பூங்காவில் ஒரு காலையில் காண்பவற்றுள் பெரும் பகுதி முடிந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டு மாடியில் நின்றே இவற்றில் பாதியைப் பழகிக்கொள்ளலாம்.

குயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சித்திரை பிறக்கும்போது குயில் கூவுவதால், அது அப்போதுதான் வந்திருக்கிறது என்று எண்ணுபவர்கள் பலர். எமது தாழ்நிலத்தில் குயில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. இனப்பெருக்க காலம் நெருங்குவதால் ஓயாமல் கூவுகிறது, காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. குரல் கூடுவதை வருகையாகவும் குரல் குறைவதைப் புறப்பாடாகவும் எழுதிவைக்கும் பிழை குயிலோடு நிற்பதில்லை. மற்றப் பறவைகளுக்கும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வேகம்

விகாரமகாதேவி பூங்காவில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் ஒரு வளையப் பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு வகை இடங்கள் வர வேண்டும்: சருகு நிறைந்த நிழல் தரை, பெரிய மரங்களின் உச்சி தெரியும் இடம், நீர் ஓரம், நகர மண்டபத்தை நோக்கிய பக்கம் போல வானம் விரிந்து தெரியும் புல்வெளி. ஒவ்வொரு வலசைப் பறவையும் இவற்றுள் ஏதோ ஒன்றை நம்பி வாழ்வதால், ஒரு வகை இடம் விடுபட்டால் அதற்குரிய பறவையும் உங்கள் பட்டியலில் ஒருபோதும் வராது.

பாதையை இரண்டாம் வாரத்துக்குப் பின் மாற்ற வேண்டாம். வேறு மூலையில் இன்று நல்ல பறவை இருக்கிறது என்று யாராவது சொன்னால், உங்கள் வளையத்தை முடித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அதைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள். பாதை மாறினால், எண்ணிக்கை குறைந்தது பறவை போனதாலா, நாம் வேறு வழியால் நடந்ததாலா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

கொழும்பில் மார்ச் பிற்பகுதியில் சூரியன் ஏறத்தாழ 6.10க்கும், ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ 6 மணிக்கும் உதிக்கிறது. உதயத்தை ஒட்டித் தொடங்குவதே சிறப்பு. பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை முன்னதாகக் கேட்டறிந்து, அந்த நேரத்துக்கேற்ப ஒரு மணியை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறப் பறவைகள் அடங்கிவிடும். மாலையைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பருவத்தில் சரிவராது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வந்து, வாரத்துக்கு வாரம் கணக்கைக் குலைத்துவிடும்.

6. எட்டுப் பறவைகளை மட்டும் பின்தொடருங்கள்

இலங்கைக்கு வரும் வலசைப் பறவைகளின் பட்டியல் நீளமானது. முதல் ஆண்டில் முழுப் பட்டியலையும் சுமக்க முயல்பவர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறார். ஒரு நகரப் பூங்காவுக்கு எட்டு வகை போதும். அவற்றைத் தரையிலிருந்து வானம் வரை அடுக்கடுக்காகத் தேட வேண்டும்.

தரையில் இரண்டு. ஆறுமணிக்குருவி, அதாவது தோட்டக்கள்ளன், அடர்ந்த புதரின் கீழ்ச் சருகைக் கிளறி இரை தேடும். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, வாலடியில் சிவப்பு, கண் வழியே கரும்பட்டை. அதைத் தேடி அலைவதை விட, விடியலிலோ அந்தியிலோ வரும் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டு இடத்தைக் குறிப்பது எளிது. இரண்டாவது காட்டு வாலாட்டி. நிழல் விழுந்த நடைபாதையில், சருகு நிறத்தோடு கலந்து, நாம் நாலைந்து எட்டு நெருங்கும்வரை அது அங்கிருப்பதே தெரியாது. சில அடி ஓடும், நிற்கும், நின்றவுடன் உடலின் பின்பாதி முழுவதையும் இடமும் வலமுமாக மெல்ல அசைக்கும். வெள்ளை மார்பில் இரண்டு கரும்பட்டைகள் அப்போதுதான் துலங்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்டுவதால், பக்கவாட்டு அசைவு ஒன்றே அடையாளத்துக்குப் போதும். இது சைபீரியாவின் கிழக்குப் பகுதி, சீனா, கொரியா போன்ற இடங்களில் கூடு கட்டும் பறவை.

இடை உயரத்தில் மூன்று. பழுப்புக் கீச்சானே புதியவருக்கு மிக நல்ல ஆசிரியர். கண்ணுக்குக் கறுப்பு முகமூடி கட்டியதுபோல் தோற்றம், வளைந்த அலகு, கரகரத்த குரல்; ஒரு சிறு எல்லையைத் தன்னதாக்கிக்கொண்டு, பருவம் முழுவதும் அதே புதரின் அதே கிளை நுனியில் வந்து அமரும். ஆகவே அது இல்லாமற் போகும் நாளைத் துல்லியமாகக் குறிக்கலாம். பழுப்பு ஈப்பிடிப்பான், சிட்டுக்குருவியை விடச் சிறியது. பெரிய கண்ணும் அதைச் சுற்றிய வெள்ளை வளையமும் உடையது. பூச்சியைப் பறந்து பிடித்துவிட்டு ஏறத்தாழ அதே கிளைக்குத் திரும்பும். அரசவால் ஈப்பிடிப்பானில் கவனம் தேவை: நீண்ட வெள்ளை வாலுடைய ஆண், இந்தியப் பெருநிலத்திலிருந்து வரும் இனவகை. செம்பழுப்பு நிறத்தவை அந்த இனவகையின் பெண்ணாகவோ இளம் ஆணாகவோ இருக்கலாம். இங்கு வதியும் இனவகையாகவும் இருக்கலாம். எனவே வெள்ளையையும் செம்பழுப்பையும் தனித்தனியே எண்ணுங்கள்.

மர உச்சியில் ஒன்று: இலைக் கதிர்க்குருவிகள். பச்சை நிறச் சிறு பறவைகளான இவற்றில் ஒன்றுக்கொன்று மிக ஒத்த வகைகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வேலை இன்னும் சில ஆண்டுகள் கழித்து வரட்டும். இப்போது “இலைக் கதிர்க்குருவி வகை” என்று எழுதுவது நேர்மையான பதிவு.

வானத்தில் இரண்டு. நீலவால் பஞ்சுருட்டான் குழுவாக உருளும் குரலெழுப்பிப் பறந்து, கம்பியிலும் பட்ட கிளையிலும் அமரும். செந்தொண்டையும் நீல வாலும் பார்க்க வேண்டும். தகைவிலான் புல்வெளிக்கு மேல் தாழப் பறக்கும். நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு, முதுகு நீலக் கறுப்பு, அடிவயிறு வெளிறியது. இங்கேதான் மிகுதியான பிழைகள் நிகழ்கின்றன. அடிப்பாகம் முழுவதும் செம்பழுப்பாக இருந்தால் அது இலங்கைக்கே உரிய வதியும் தகைவிலான். மெல்லிய அரிவாள் போன்ற இறக்கையோடு, கம்பியில் ஒருபோதும் அமராமல் உயரே சுழல்வது பனை உழவாரன். அதுவும் ஆண்டு முழுவதும் இங்குள்ளதே. உழவாரன்களைத் தகைவிலான் என்று எண்ணிவிட்டால், மே மாதத்திலும் “இன்னும் போகவில்லை” என்றே உங்கள் குறிப்பேடு சொல்லிக்கொண்டிருக்கும்.

7. நடப்பதை விட நிற்பது அதிகமாக இருக்கட்டும்

பாதையில் ஆறு அல்லது ஏழு நிலைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நாம் வந்து சேர்ந்ததால் அடங்கிய பறவைகள் மீண்டும் அசையத் தொடங்குவதற்கு அந்த நேரம் வேண்டும்.

கைத்தொலைபேசியில் மெர்லின் போன்ற செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அந்தப் பெயரை ஒரு யோசனையாக மட்டும் கொள்ளுங்கள். கண்ணால் கண்டோ, குரலை நீங்களே அறிந்தோ உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம். வீதியின் வாகன இரைச்சலுக்கு நடுவே செயலியும் தடுமாறுகிறது.

பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் இந்தப் பறவைகள் நெடும் பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. பொய்க் குரலைத் தேடி வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு செலவாகிறது.

8. எண்ணையும் பூச்சியத்தையும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடிக்கச் சொல்வேன்.

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் எட்டுப் பறவைகளின் பெயரையும் முன்னதாகவே எழுதிவையுங்கள். ஒவ்வொரு நடையிலும் எட்டுக்கும் எதிரே ஓர் எண் விழ வேண்டும், காணாவிட்டால் 0. கண்டவற்றை மட்டும் எழுதும் பழக்கம் பெரும்பாலோருக்கு இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை மே மாதத்தில் திறந்தால், ஏப்ரல் 10ஆம் தேதிக்குப் பின் கீச்சானின் பெயர் இல்லை என்பது தெரியும். அது இல்லாததாலா, அன்று எழுத மறந்ததாலா, அந்தப் புதர்ப் பக்கம் போகாததாலா என்பது தெரியாது. பூச்சியம் எழுதப்பட்டிருந்தால் ஐயம் எழாது.

மேலே தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, உடன் வந்தவர்கள் எத்தனை பேர் என்பனவும் இருக்கட்டும். நான்கு பேர் பார்ப்பதும் ஒருவர் பார்ப்பதும் ஒன்றல்ல. “சில”, “நிறைய” என்ற சொற்கள் வேண்டாம். பஞ்சுருட்டான் குழு வேகமாகக் கடந்தால், முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, மீதியை அதே அளவால் மதிப்பிட்டு எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன், பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் பதியலாம். அங்கே, கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் இந்தப் பட்டியலில் தந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்ல வேண்டுமானால் காகத்தையும் மைனாவையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். ஆம் என்றால் மட்டுமே, உங்கள் பட்டியலில் இல்லாத பறவை அன்று காணப்படவில்லை என்று கொள்ளப்படும்; குறிப்பேட்டில் நீங்கள் எழுதிய பூச்சியத்தின் மதிப்பு அந்த ஒரு பதிலில்தான் தங்கியிருக்கிறது.

9. புறப்படப் போவதன் அறிகுறிகள்

தோற்றத்தில் மாற்றம் வரும். இங்கு வந்த பின் இறகை மாற்றிக்கொள்ளும் தகைவிலானுக்கு, மார்ச் அளவில் வாலின் ஓரக் கம்பிகள் மீண்டும் நீண்டிருக்கும். நீர்நிலைகளில் மீசை ஆலா, குளிர்காலத்தின் வெளிறிய வயிற்றை விட்டுக் கருஞ்சாம்பல் வயிறும் முழுக் கறுப்புத் தொப்பியுமாக மாறும். இப்படி மாறிய பறவைகள் எத்தனை, மாறாதவை எத்தனை என்று பிரித்தெழுதுங்கள்.

நடத்தையிலும் மாற்றம் உண்டு. இரை தேடுவது கூடும். பகலில் வலசை போகும் பஞ்சுருட்டான்களும் தகைவிலான்களும் வழக்கத்தை விடப் பெரிய குழுக்களாகத் திரளக்கூடும். ஓரிடத்தில் எண்ணிக்கை திடீரென ஏறி, அடுத்த நடையில் பூச்சியமானால், வேறெங்கோ தங்கியிருந்தவை வழியில் இறங்கிச் சென்றிருக்கலாம். ஆகவே ஒரு பூச்சியத்தைக் கண்டதும் “போய்விட்டது” என்று முடிவுகட்ட வேண்டாம். தொடர்ந்து மூன்று நடைகளில் பூச்சியம் வந்த பிறகே, அவற்றுக்கு முன் அந்தப் பறவையைக் கண்ட தேதியைக் கடைசி நாளாக எழுதுங்கள்.

கண்ணாடியில் மோதி மயங்கிய ஆறுமணிக்குருவியைக் கண்டால், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; மூச்சுக் குழாயில் போய்விடும். தெளிந்து நின்றால், அந்தியில், காகங்கள் அடங்கிய பிறகு, புதர் அருகே திறந்துவிடுங்கள்.

10. மாதம் ஒரு முறை நீர்நிலைக்கு

பூங்காவில் கரையோரப் பறவைகள் குறைவு. அவற்றுக்குத் தலங்கம குளம், தலவத்துகொடை தியசரு பூங்கா, கோட்டை பெத்தகான ஈரநிலப் பூங்கா ஆகியவை ஏற்றவை. ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பில், இவை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. மீசை ஆலாவையும் பொறி உள்ளானையும் அங்கே தேடுங்கள்.

பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஓயாப் பகுதியில் கட்டடங்களை நோக்கிப் பைனாகுலரையோ கமராவையோ திருப்ப வேண்டாம். பாதுகாப்பு ஊழியர் கேட்டால் குறிப்பேட்டைக் காட்டி அமைதியாக விளக்குங்கள். பறவைகளின் பெயர் நிறைந்த பக்கம் நல்ல சாட்சி.

11. மே மாத நடைகளை விட்டுவிடாதீர்கள்

ஏப்ரல் முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் தொடர்ந்து நடக்க வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தாமதமாகக் கிளம்பும் தனிப் பறவைகள் இருக்கும். அவற்றைத் தவறவிட்டால் கடைசி நாள் பிழையாகிவிடும். மற்றது, வலசைப் பறவைகள் இல்லாத பூங்காவின் கணக்கு இப்போதுதான் கிடைக்கும். இந்த அடிப்படைக் கணக்கு கையில் இருந்தால், செப்டெம்பரில் புதிதாக ஒரு குரல் கேட்டதும் அது வந்த பறவையா, வதியும் பறவையா என்று தடுமாற வேண்டியதில்லை.

மேயிலும் நீர்நிலையில் உள்ளான் ஒன்று நின்றால் உங்கள் அடையாளத்தை உடனே சந்தேகிக்க வேண்டாம். கரையோரப் பறவைகளில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகாத இளையவை சில, வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதுண்டு. தேதி, இடம், இறகின் நிலை ஆகியவற்றை எழுதி, முடிந்தால் ஒரு படமும் எடுத்துவைத்து, பட்டியலில் “தங்கியது” என்று தனியே குறியுங்கள். அந்தப் பறவைக்குக் கடைசி நாள் எழுத வேண்டாம்.